ரெண்டே சீட்டு

1

போன வாரம் என் கார் பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டது.

அயர்லாந்தில் வயதான கார்களுக்கு வருடா வருடம் பரீட்சை உண்டு. நம் ஊரில் லாரிக்காரர்கள் எஃப்.சி. காட்டப் போவார்களே, அதேதான். காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்து, சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். என் காரில் கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் துரு. தட்டிய இடத்தில் இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கியதாம். சோதித்தவர் தாளைக் கையில் கொடுத்து ‘சாரி’ என்றார். இங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் சாரி சொல்வார்கள். இருபது வருடத்தில் எனக்கும் அது தொற்றிக்கொண்டதால், நானும் அவருக்கு ஒரு சாரி சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய சான்றிதழ் அன்றிலிருந்து ஒன்பது நாள் செல்லும். அதற்குள் துருவை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் காரைக் கழித்துக்கட்ட வேண்டும். இரண்டில் ஒன்றைச் சீக்கிரம் சொல்லும்படி மெக்கானிக் டெக்லான் கேட்டிருக்கிறார்.

உண்மையில் துரு எனக்கு ஒரு கவலையே இல்லை. என் மனைவி ஸ்டெல்லா இரண்டு வருடமாக இந்தக் காரில் ஒரு தடவை கூட ஏறவில்லை. ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இந்தக் கார் போவதற்குள் அவள் ஒரே ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒன்பது நாளும் எனக்கு இதே நினைப்புதான். ஏழாம் நாள் எங்கள் கல்யாண நாள் வேறு.

2

கடத்தூரில் இருக்கும் என் அண்ணன் ஆரோக்கியசாமிக்கு இந்தக் காரை முதன்முதலில் வீடியோவில் காட்டினேன். அவர் போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

“பின் சீட்டு எங்கடா?”

“இல்லீங்கண்ணா. ரெண்டே சீட்டுதான்.”

“வித்த ஆளு கழட்டிக்கிட்டானா?”

“கம்பெனியிலயே அப்படித்தான் செய்யறாங்க.”

“மேலயும் ஒண்ணும் காணோம்?”

“துணிக் கூரைங்கண்ணா. மடக்கி வெச்சிருக்கறன்.”

“கூரையும் இல்ல, பின்னால சீட்டும் இல்ல. பாதி காருக்கு முழுக் காசு குடுத்திருக்கற. இங்க மட்டும் இருந்திருந்தா பாப்பாரப்பட்டியில நம்ம வெல்டருகிட்ட உட்டு, டிக்கிய வெட்டிட்டு ஒரு பலகை போட்டிருக்கலாம். நாலு பேரு தாராளமா உக்காருவாங்க.”

அண்ணன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வண்டி என்றால் ஆளை ஏற்றுவதற்கு. அப்பாவின் மொபெட்டில் நாங்கள் ஐந்து பேர் போயிருக்கிறோம், மடியில் ஒரு சேவலோடு. மாங்காய் பறிக்கிற மாதங்களில் டிராக்டர் டிரெய்லரில் கூடைகளுக்கு நடுவே ஊரே உட்கார்ந்திருக்கும். ஒரு சீட்டு காலியாகப் போனால் ரோட்டில் நிற்கிறவர்கள் நம்மைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். அப்படி வளர்ந்த நான், இன்னொருவர் ஏறவே முடியாத வண்டியை வாங்கிவிட்டேன்.

வாங்கிய கதை சின்னது. முதுகுவலியால் இனி குனிந்து ஏற முடியாது என்று ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் விற்கப் போட்டிருந்தார். ஆப்பிள் மரத்தடியில் நின்றது, மருதாணி இலைப் பச்சை நிறம், பதினைந்து வயது. சும்மா பார்க்கத்தான் போனேன். ‘உட்கார்ந்து பாருங்கள்’ என்றார். உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வண்டி வாங்கினால் அது முதலில் கோயிலுக்குத்தான் போகும். பங்குச் சாமியார் பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் மேல் தீர்த்தம் தெளிப்பார். வீட்டுப் பெண் ஜெபமாலையைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு முன் சீட்டில் உட்கார, முதல் சுற்று போய் வருவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும் உண்டு, சாமியார் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ஒரு முறை தீர்த்தம் பட்ட வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

நான் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி விஷயத்தைத்தான். ஸ்டெல்லாவிடம் முதலில் சொன்னால் வேண்டாம் என்பாள். தெளித்துவிட்டுச் சொன்னால் என்ன செய்வாள்? அவள் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், காரை நேராகக் கோயிலுக்கு ஓட்டிப் போனேன். இங்கத்திச் சாமியாரிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. சந்தோஷத்தில் தாராளமாகத் தெளித்தார். கூரை திறந்திருந்ததால் சீட்டெல்லாம் ஈரம். ஜெபமாலையை நானே மாட்டினேன். அப்புறம் வீட்டுக்கு எடுத்துப் போகத் தைரியம் வராமல், இரண்டு நாள் கோயில் வளாகத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

கோயிலுக்குப் பூ வைக்கிற அம்மாள் ஸ்டெல்லாவைக் கடையில் பார்த்து, உங்கள் புதுக் கார் எத்தனை அழகு, சாமியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாராம். சாயங்காலம் நான் காரோடு வந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“தீர்த்தமெல்லாம் தெளிச்சாச்சாமே?”

“உங்கிட்ட சொல்லலாம்னுதான் ஸ்டெல்லா...”

“சாமியார வெச்சி என்ன மடக்கிட்டீங்க. திருப்பிக் குடுக்கவும் முடியாது. மால கூட நீங்களே மாட்டியாச்சி. சரி, வெச்சிக்கங்க. ஆனா நான் இதுல ஏற மாட்டன்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் ராத்திரிக்குள் சரியாகியிருக்கும்.

3

சுகத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கிறுக்கனுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள்.

இந்தக் காரில் நாம் சீட்டில் உட்காருவதில்லை, ரோட்டில் உட்காருகிறோம். கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டால் தார் எட்டிவிடும் போலிருக்கும். எண்பது கிலோமீட்டரில் போனாலே பறக்கிற மாதிரி இருக்கிறது. கியர் குச்சி ஒரு தீப்பெட்டி நீளம்தான் நகரும், ஒவ்வொரு தடவையும் ‘டக்’ என்று உள்ளங்கையில் வந்து விழும். ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை, திரும்பலாம் என்று நினைத்தால் போதும். சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு கல்லும் விரலுக்குத் தெரியும்.

கூரையை மடக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதற்கு ஈடாக எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பு, நெற்றியில் கடல் காற்று. மூடிய காரில் ஊர்கள் ஜன்னலுக்கு வெளியே போகும். இதில் ஊர்கள் மூக்கு வழியாக உள்ளே வந்து போகின்றன. மாட்டுத் தொழுவம், வெட்டிய புல், யாரோ வீட்டு அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரியும் கரிமண் கட்டியின் புகை, அடுத்த வளைவில் கடற்பாசி. மேலே பார்த்தால் மேகம் நம்மோடு கொஞ்ச தூரம் வந்து, பிறகு சலித்துப்போய் நின்றுவிடும்.

அப்படி ஓட்டும்போது சில நேரம் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது நழுவிப் போகிறது. மலையைச் சுற்றி ஏறும் ஒரு ரோடு இங்கே உண்டு. அதில் மூன்றாவது வளைவு தாண்டியதும் நான் வத்தல்மலையில் ஏறிக்கொண்டிருப்பேன். நான் ஊரில் இருந்தவரை வத்தல்மலைக்கு நடந்துதான் போக வேண்டும். இப்போது கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு போட்டிருக்கிறார்கள். போன வருடம் அண்ணன் ஏற்பாடு செய்த வேனில், பதினோரு பேருக்கு நடுவே நெருக்கிக்கொண்டு அதில் ஏறினேன். வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் தானாக அழுத்தியது, கை தானாக கியரைத் தேடியது. பக்கத்தில் இருந்த அண்ணி, “இன்னாங்க தம்பி, கால் வலிக்குதுங்களா?” என்று கேட்டார்.

அயர்லாந்துச் சாரலில் சாமை வயல்களும், மலைக்குக் கீழே சோகத்தூர்ப் பக்கம் வெயிலில் மின்னும் ஏரித் தண்ணீரும் வந்து போகும். ஆனால் இந்தக் காரை அங்கே ஓட்ட முடியாது என்பதும் தெரியும். அங்கே கூரையைத் திறந்தால் வெயில் மண்டையைப் பிளந்துவிடும், இங்கே திறந்தால் மழை. ஆக, கூரை இல்லாத காருக்கு ஏற்ற நாட்டில் நான் பிறக்கவும் இல்லை, வந்து சேரவும் இல்லை.

4

சங்கடங்களுக்கு வருகிறேன்.

டிக்கியில் இரண்டு பைதான் வைக்கலாம், அதுவும் அடம்பிடிக்காத பைகள். இந்தியக் கடை எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே வாங்கிய இருபது கிலோ பொன்னி அரிசி டிக்கியில் நுழையவில்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தேன். யாரோ ஆள் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டு கார் விடாமல் கத்தியது. வேறு வழியில்லாமல் அரிசிக்குப் பெல்ட் போட்டுவிட்டேன். வீட்டு வாசலில் நான் பெல்ட்டைக் கழற்றி மூட்டையைத் தூக்குவதைச் சமையலறை ஜன்னல் வழியாக ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

“எனக்குப் பதிலா நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்கறீங்க. பேச்சே பேசாது.”

துணிக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் இறங்கக் கதவோரம் இரண்டு ஓட்டை உண்டு. இலை அடைத்தால் சீட்டுக்குப் பின்னால் குளம் கட்டும். விளக்குமாற்றுக் குச்சியால் மாதா மாதம் குத்திவிட வேண்டும். குளிர்காலத்தில் சோம்பேறித்தனமாக இரண்டு மாதம் விட்டேன், இந்தத் துரு அப்படி வந்ததுதான். பின் கண்ணாடி கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். மங்கிப்போய்விட்டது. லாரிக்காரர்களுக்கு நாம் கண்ணிலேயே படுவதில்லை. இறங்கும்போது எந்தக் கையை எங்கே ஊன்றுவது என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் இது ஒரு தனி உடற்பயிற்சி.

இன்சூரன்ஸ் கதை தனி. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மூன்று குடும்பப் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் அப்பாவுடையது, அந்தோணி. பிள்ளைகளுக்கு என் பெயர், சூசைராஜ். ஸ்டெல்லாவுக்கு அவள் அப்பா பெயர், சின்னப்பன். போனில் பேசிய பெண், அந்த வீட்டில் மொத்தம் எத்தனை குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று கேட்டாள். எங்கள் ஊர் வழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். பதற்றத்தில் ‘என் அப்பா என் கடைசிப் பெயர்’ என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் இருங்கள் என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவே இல்லை. வேறு கம்பெனியில், மேலும் இரண்டு வாரம் கழித்துத்தான் காகிதம் கிடைத்தது.

பிள்ளைகளையும் சங்கடத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. மகள் ஏஞ்சலின் முதல் வருடம் முழுக்க எனக்குத் துணையாக இருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் வேலை பார்த்த பேக்கரிக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன். முகம் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளைகள் பேசிவிடுகிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில், இந்த ஊர்க்காரர்கள் வேகத்தில். பாதி காற்றில் போய்விடும், மீதியில் பாதி எனக்குப் புரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன். இப்போது அவள் டப்ளினில் படிக்கிறாள். வாரத்துக்கு ஒரு முறை கட்டை விரல் படம் அனுப்புகிறாள், உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறோம். மகன் அருளுக்குப் பதினாறு வயது. முழங்கால் முன்னால் இடிக்கிறது என்பது அவன் வெளியே சொல்லும் காரணம். கூட்டாளிகள் பார்த்துவிடுவார்கள் என்பது உள்ளே இருக்கும் காரணம். ‘சாப்பிட்டியா’ என்ற கேள்விக்கு மட்டும் தமிழில் பதில் சொல்வான்.

ஆக, என் பக்கத்துச் சீட்டு ஒரு வருடமாகக் காலி.

5

கல்யாணமான எட்டாம் நாள் நானும் ஸ்டெல்லாவும் ஒகேனக்கல் போனோம். புதுப் பெண் மாப்பிள்ளை எங்கேயாவது போய் வரட்டும் என்று என் சித்தப்பாதான் சொன்னார். விடியற்காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால் வேன் நிற்கிறது, அதில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் ஏறியதும் பதினாலு. பெண்கள் பின்னால், ஆண்கள் முன்னால். பரிசலிலும் அப்படித்தான் பிரித்தார்கள். பரிசல்காரர், “புது ஜோடி எதுங்க?” என்று கேட்டார். சித்தப்பா, “பொண்ணு அந்தப் பரிசல்ல, மாப்ள இந்தப் பரிசல்ல” என்று இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கும் அப்போது தெரியவில்லை. மீன் வறுவல் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கையில் ஒரு வண்டியிலும் நாங்கள் இருவர் மட்டும் போனதில்லை. ஊரில் இருந்தவரை பஸ். ஸ்டெல்லா நர்ஸ் வேலைக்கு முதலில் இங்கே வந்தாள், நான் ஒரு வருடம் கழித்து வந்தேன். மருந்துத் தொழிற்சாலையில் எனக்குப் பகல் வேலை, அவளுக்கு இரவு வேலை. பிள்ளைகளை வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை. காலையில் அவள் வருவாள், நான் கிளம்புவேன். வாசலில் பிள்ளையைக் கை மாற்றிக்கொள்வோம். ‘பால் குடிச்சாச்சி, மருந்து குடுத்தாச்சி.’ எங்கள் பேச்சு பல வருடம் இவ்வளவுதான்.

அதனால்தான் ஸ்டெல்லாவுக்காக ரெண்டு சீட்டுக் கார் வாங்கினேன் என்று இங்கே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய். எனக்காகத்தான் வாங்கினேன். ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தபோது ஸ்டெல்லாவின் நினைப்பே எனக்கு வரவில்லை. பக்கத்தில் ஒரு சீட்டு இருப்பதை, அவள் ஏற மாட்டேன் என்ற பிறகுதான் கவனித்தேன். இது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் அவளிடம் நான் ஒரு தடவை கூட இதைச் சொல்லவில்லை. வா, ஏறு என்று கூப்பிட்டேனே தவிர, உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. வெளியாட்களுக்குத் தினம் நூறு சாரி சொல்கிறேன்.

6

கல்யாண நாள் சனிக்கிழமை வந்தது. முதல் நாள் இரவு ஸ்டெல்லாவுக்கு வேலை, தன் காரில் போயிருந்தாள். அவள் வந்ததும் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, அடுப்பில் பாலை வைத்தேன். போன் அடித்தது.

“ஏங்க, வண்டி ஸ்டார்ட் ஆவல.”

“என்னா சத்தம் வருது?”

“ஒரு சத்தமும் இல்ல. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க.”

“எங்கிட்ட இது ஒண்ணுதான ஸ்டெல்லா இருக்குது?”

“எதுல வர்றீங்களோ வாங்க. எனக்குக் கால் வலிக்குது.”

அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில்தான் யோசித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நீலச் சீருடைக்கு மேல் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கார் தூரத்து மூலையில் இருந்தது. பார்க்கட்டுமா என்றேன், அப்புறம் பார்க்கலாம் என்றாள். இந்தக் காரில் முதலில் இடுப்பை இறக்கி, பிறகுதான் காலை உள்ளே இழுக்க வேண்டும். புதிதாக ஏறுகிற எல்லோரும் தலையை இடித்துக்கொள்வார்கள். சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சரியாக உட்கார்ந்துவிட்டாள்.

“மேல தொறங்க,” என்றாள்.

“குளுருது ஸ்டெல்லா. நைட்டெல்லாம் முழிச்சிருக்கற.”

“தொறங்கன்னா தொறங்க.”

திறந்தேன். ஹீட்டரைக் கால் பக்கம் திருப்பிவிட்டேன். ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அங்கே நீட்டினாள். வீட்டுக்குப் போகிற ரோடு வந்தது. நான் வண்டியை மெதுவாக்கினேன்.

“கடலோரமாவும் போவலாம். கொஞ்சம் சுத்து.”

“போங்க.”

பனி பாதி விலகியிருந்தது. கடல் ஒரு பக்கம் தெரிந்து மறைந்து தெரிந்தது. வளைவுகளில் அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள். தலைமுடி எல்லாம் கலைந்து முகத்தில் விழுந்தது, ஒதுக்கவில்லை. காற்றுக்கு மேலே குரலை உயர்த்தி, தானாகப் பேச ஆரம்பித்தாள். ஏழாம் கட்டிலில் ஒரு தாத்தா, ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாராம். விதிப்படி திறக்கக் கூடாதாம். மூன்று மணிக்கு இவள் திறந்துவிட்டாளாம்.

“நாலு மணிக்குப் போயிட்டாருங்க,” என்றாள்.

எத்தனை வருடமாக எத்தனை பேரை இப்படி வழியனுப்பிவிட்டு வந்து, வாசலில் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓரமாக நிறுத்தினேன்.

“உன்னக் கேக்காம வாங்குனது தப்பு ஸ்டெல்லா. கோயிலுக்கு எடுத்துக்கிட்டுப் போனது அத விடத் தப்பு.”

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எந்த வண்டியிலும் செய்கிற மாதிரி, பிள்ளைகள் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் பின்னால் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் மடித்த துணிக் கூரைதான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“இதுல திரும்பிப் பாக்கற வேலையே இல்ல,” என்றாள். “எடுங்க, போவலாம்.”

வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டாள். மத்தியானம் டெக்லானைக் கூட்டிக்கொண்டு, அவருடைய வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேட்டரி போயிருந்தால் மாற்றுவதற்கு ஒரு புது பேட்டரியும் எடுத்து வந்திருந்தார். ஸ்டெல்லாவின் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன், மறுபடியும் கிளம்பியது. டெக்லான் பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, இந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் பத்து வருடம் ஓடும் என்றார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கண் கலங்கியதைப் பார்த்து அவர் சாரி என்றார்.

“அந்தப் பச்சைக் காரை என்ன செய்வது?” என்று கேட்டார்.

துருவை வெட்டிவிட்டுப் புது இரும்பு வைக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்டெல்லா எழுந்து சமையலறையில் நின்றாள்.

“என்னாவாம் என் வண்டிக்கு?”

“பேட்டரிதான். சரி பண்ணியாச்சி.”

“பேட்டரியாத்தான் இருக்கும்னு நானும் நெனச்சன்,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.